ஆலை படுத்துவிட்டது! டாட்டா யாரை அழைத்தார்?

பாளையம்பட்டியிலும், பக்கத்தில் உள்ள அருப்புக்கோட்டையிலும் நூலை நம்பிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். சுற்றிலும் கரிசல் காடு. பருத்தி விளைகிற பூமி. ஊருக்குள் தறி ஓடுகிறது. நூல் ஆலைகளும் இருக்கின்றன.

இந்த ஊரில் தொழில் நடத்தும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவரிடம் பத்துத் தறிகள் இருக்கின்றன. சனிக்கிழமை வந்தால் கூலி கொடுக்கவேண்டும். நூல் கடையில் பாக்கி நிற்கிறது. பாங்கியில் தவணை தவறிவிட்டது. நெய்த துணி விற்காமல் தேங்கிக் கிடக்கிறது.

இந்த நேரத்தில் வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார். நிர்வாகம் படித்தவர். பல தொழில்களைப் பார்த்தவர். கணக்கையும் வேலை நடக்கும் முறையையும் பார்த்து, எங்கே பணம் வீணாகிறது என்று சொல்லித் தருவதாகக் கூறுகிறார். அதற்கு ஒரு கட்டணமும் கேட்கிறார்.

வீட்டில் என்ன சொல்வார்கள்? குடிக்கக் கூழ் இல்லை, கொப்பளிக்கப் பன்னீரா என்றுதான் கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதே. ஆனால் தொழில் தெரிந்தவரின் யோசனை இல்லாததால்தான் கூழுக்கே வழி இல்லாமல் போயிற்று என்றால், அப்போது என்ன செய்வது?

இந்தக் கேள்வி சிறிய தொழில் நடத்துகிறவர்களுக்கு மட்டும் வருவது அல்ல. 1886-ம் ஆண்டில் பம்பாயில் ஒரு பெரிய மனிதரையும் இது பிடித்து உலுக்கியது. அவர்தான் ஜாம்ஷெட்ஜி டாட்டா.

அவர் கதையைப் பார்ப்போம்.

பூசாரி குடும்பத்துப் பிள்ளை

ஜாம்ஷெட்ஜி 1839-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி குஜராத்தில் உள்ள நவ்சாரி என்ற ஊரில் பிறந்தார். பார்சி மதத்தில் பூசாரிகளாக இருந்த குடும்பம் அது. தகப்பனார் நுசர்வான்ஜிதான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக வியாபாரத்துக்கு வந்தவர். அவர் பம்பாயில் கடை வைத்தார்.

மகனைப் பம்பாய்க்கு அழைத்துவந்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்கவைத்தார். ஜாம்ஷெட்ஜி 1858-ல் படிப்பை முடித்தார். மறு ஆண்டு தகப்பனாரின் வியாபாரத்தைக் கவனிக்க ஹாங்காங்குக்குக் கப்பல் ஏறினார்.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரால், அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்துக்குப் போவது நின்றது. இந்தியப் பருத்திக்கு என்றும் இல்லாத விலை வந்தது. பம்பாயில் பணம் ஆறாக ஓடியது. நம் பக்கத்துக் கரிசல் பருத்திக்கும் அப்போது கிராக்கிதான்.

டாட்டா குடும்பமும் பருத்தியில் பணம் போட்டது. வியாபாரத்தைக் கவனிக்க ஜாம்ஷெட்ஜி லண்டனுக்கு அனுப்பப்பட்டார்.

1865-ல் போர் நின்றது. பருத்தி விலை சரிந்தது. பம்பாயில் கம்பெனிகள் வரிசையாக விழுந்தன. லண்டனில் இருந்த 26 வயது வாலிபரின் கையில் இருந்த பத்திரங்கள் வெறும் காகிதம் ஆயின.

ஜாம்ஷெட்ஜி ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களை நேரில் கண்டார். கணக்கை ஒளிக்காமல் விரித்து வைத்தார். அவர்கள் அவரையே நம்பி, சொத்துக்களைப் பணமாக்கிக் கடனைத் தீர்க்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்தார்கள். அதற்கு மாதம் 20 பவுன் சம்பளமும் கொடுத்தார்கள்!

நட்டத்தை மூடி மறைக்கிறவனுக்கு எந்த வைத்தியராலும் மருந்து கொடுக்க முடியாது. இந்தப் பாடத்தை அவர் இளம் வயதிலேயே கற்றார்.

தெரியாததைத் தெரியாது என்றார்

1868-ல் ஜாம்ஷெட்ஜி ரூ.21 ஆயிரம் முதல் போட்டுச் சொந்தமாக ஒரு வியாபார நிறுவனம் தொடங்கினார். மறு ஆண்டு, பம்பாய் சிஞ்ச்போக்ளியில் நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையைச் சில நண்பர்களுடன் சேர்ந்து வாங்கினார். அதைப் பஞ்சாலை ஆக்கினார். இரண்டு ஆண்டுகள் ஓட்டி, லாபத்துக்கு விற்றார்.

வேறு ஒருவராக இருந்தால், ஆலைத்தொழில் தமக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். ஜாம்ஷெட்ஜி அப்படி நினைக்கவில்லை. இங்கிலாந்துக்குப் போனார். பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயரில் தங்கி, நூற்பையும் நெசவையும் அருகில் இருந்து பார்த்தார்.

திரும்பி வந்து, 1874-ல் ரூ.15 லட்சம் மூலதனத்தில் ஒரு கம்பெனி தொடங்கினார். ஆலை கட்டத் தேர்ந்தெடுத்த இடம் பம்பாய் அல்ல, நாகபுரி! பருத்தி விளைவது அங்கே. நிலக்கரியும் பக்கத்தில் கிடைத்தது. துணியை வாங்கும் மக்களும் அங்கே இருந்தார்கள்.

நாகபுரியில் ஒரு பணக்காரர் இந்த ஆலைக்குப் பணம் தர மறுத்துவிட்டார். பள்ளத்தில் மண்ணுக்குப் பதிலாகப் பொன்னைக் கொட்டுகிறார் டாட்டா என்று அவர் எண்ணினார். பிற்காலத்தில் அவரே, மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்தவர் டாட்டா என்று ஒப்புக்கொண்டாராம்.

1877-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி ஆலை திறக்கப்பட்டது. விக்டோரியா மகாராணி இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவிக்கப்பட்ட நாள் அது. அதனால் ஆலைக்கு எம்பிரஸ் மில் என்று பெயர்.

இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்

ஆலையை நடத்த ஜாம்ஷெட்ஜி தேர்ந்தெடுத்த ஆட்கள் யார் யார் என்பதைக் கவனிக்கவேண்டும்.

மானேஜராக பெசோன்ஜி மேத்தா என்பவரை வைத்தார். அவர் ரயில்வேயில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். பஞ்சாலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரியும். சரக்கு எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்கத் தெரியும்.

யந்திர நுட்பத்துக்கு ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்பவரை வைத்தார். அவர் லங்காஷயரில் தேர்ந்தவர். வெளிநாட்டு நிபுணர் என்றால் சம்பளம் அதிகம். தொடங்கும் ஆலைக்கு அது சுமைதான். ஆனாலும் அவரை வைத்தார்.

ஒருவருக்கு நிர்வாகம் தெரியும். மற்றவருக்குத் தொழில்நுட்பம் தெரியும். இருவரும் ஒருவரிடம் ஒருவர் கற்றார்கள்.

சிக்கனம் பார்த்த இடத்தில்தான் ஜாம்ஷெட்ஜி ஏமாந்தார். தொடக்கத்தில் வாங்கிய யந்திரங்கள் மட்டமானவை. விலை குறைவு என்று வாங்கினார். நூல் தரமாக வரவில்லை. தவறு புரிந்ததும், நல்ல யந்திரங்களை வரவழைத்து மாற்றினார். யந்திரத்தில் மிச்சம் பிடித்த பணம், நூலில் நட்டமாகப் போய்விட்டது என்பதை அவர் உணர்ந்தார்.

பிறகு அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ரிங் பிரேமைப் பற்றிக் கேள்விப்பட்டார். லங்காஷயர் ஆலைகளே அதை நம்பாத காலம். ஜாம்ஷெட்ஜி ஆலை முழுவதும் அதை மாட்டிவிடவில்லை. முதலில் இரண்டே இரண்டு பிரேம்களை வாங்கி ஓட்டிப்பார்த்தார். நன்றாக ஓடியது. அதன் பிறகே மற்றவற்றை மாற்றினார்.

முதலில் சிறிதாகச் செய்து பார்ப்பது, பலன் கண்டபிறகு பெரிதாகச் செய்வது! இதுதான் டாட்டாவின் வழி.

தொழிலாளர் விஷயத்திலும் ஒரு சங்கடம் இருந்தது. பலர் சரியாக வேலைக்கு வருவதில்லை. அபராதம் போடலாம், ஆளை நீக்கலாம். ஜாம்ஷெட்ஜி வேறு வழியில் போனார். வருங்கால நிதி, விபத்துக்கு நட்டஈடு, நன்றாக வேலை செய்தவர்களுக்குப் பரிசு என்று கொடுத்தார். ஆட்கள் ஒழுங்காக வந்தார்கள்.

நாகபுரி ஆலை லாபத்தைக் கொட்டியது.

கழுத்தைப் பிடித்த ஆலை

இனிமேல்தான் சோதனை வருகிறது.

பம்பாய்க்குப் பக்கத்தில் குர்லாவில் தரம்சி மில் என்று ஒரு பெரிய ஆலை இருந்தது. நட்டத்தில் விழுந்து விற்பனைக்கு வந்தது. 1886-ல் ஜாம்ஷெட்ஜி அதை ரூ.12½ லட்சத்துக்கு வாங்கினார். சுதேசி மில் என்று பெயர் வைத்தார். சுதேசி இயக்கம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வைத்த பெயர் அது!

அடிமாட்டு விலைக்குக் கிடைத்த ஆலை என்று எல்லோரும் நினைத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. யந்திரங்கள் தேய்ந்து கிடந்தன. அடிக்கடி பழுது. நூல் தரமில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பிய சரக்குக்குக் கெட்ட பெயர் வந்தது. பங்கின் விலை கால் பங்காக இறங்கியது.

டாட்டாவை நம்பிப் பங்கு வாங்கியவர்கள் கலங்கினார்கள். டாட்டாவும் சறுக்கிவிட்டார் என்று ஊர் பேசியது. ஒரு பாங்கி கடன் தர மறுத்தது.

அப்போது ஜாம்ஷெட்ஜிக்கு ஏறக்குறைய 50 வயது. அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஆலையை மூடி, போனது போகட்டும் என்று விட்டுவிடலாம். அல்லது மேலும் பணம் போட்டுக் காப்பாற்றலாம். காப்பாற்றுவது என்றால், தொழில் தெரிந்த ஆட்கள் வேண்டும். கையிலோ காசு இல்லை.

அவர் இரண்டாவது வழியில் இறங்கினார்.

முதலில் பணம். குடும்பத்துக்காக ஒதுக்கிவைத்திருந்த சொத்து ஏற்பாட்டை ரத்து செய்தார். லாபம் தந்துகொண்டிருந்த எம்பிரஸ் மில் பங்குகளில் ஒரு பகுதியை விற்றார். அந்தப் பணத்தை நட்டத்தில் ஓடிய ஆலையில் போட்டார். பிள்ளைகளின் எதிர்காலத்தையே பணயம் வைத்தார் என்று சொல்லவேண்டும்.

அடுத்தது ஆட்கள். இங்கேதான் அவருடைய புத்தி தெரிகிறது. லங்காஷயருக்கு எழுதிப் பெரிய சம்பளத்தில் புதிய நிபுணர்களைத் தேடும் நேரம் அது அல்ல. நாகபுரியில் அவரே தேர்ந்தெடுத்து, பத்து ஆண்டுகளாகப் பழக்கிய ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் சிறந்தவர்களைக் குர்லாவுக்கு வரவழைத்தார்.

குர்லா ஆலைக்கு அவர்கள் வெளி ஆட்கள். டாட்டாவுக்கோ சொந்த ஆட்கள். பழைய யந்திரத்தைப் பார்த்துப் பழகிப்போன கண் அவர்களுக்கு இல்லை. அதனால் எது கெட்டுப்போயிருக்கிறது என்று உடனே தெரிந்தது. அதே சமயம், டாட்டா என்ன எதிர்பார்ப்பார் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

உதவாத யந்திரங்கள் கழிக்கப்பட்டன. வேலை ஒழுங்கானது. ஒரே நாளில் அல்ல. சில ஆண்டுகள் பிடித்தன. முடிவில் சுதேசி மில் நிமிர்ந்து நின்றது. எந்தச் சரக்குக்குக் கெட்ட பெயர் வந்ததோ, அதே சரக்குக்கு வெளிநாட்டுச் சந்தையில் நல்ல பெயர் கிடைத்தது.

முன்பு புரூக்ஸ்பிக்குக் கொடுத்த சம்பளம் வீண் போகவில்லை. அவரிடம் கற்ற ஆலையிலிருந்து வந்த ஆட்கள், பத்து ஆண்டுகள் கழித்து இன்னொரு ஆலையைக் காப்பாற்றினார்கள்.

வேண்டாம் என்று சொல்லக் கூலி

ஜாம்ஷெட்ஜியின் பெரிய கனவு, இந்தியாவில் உருக்கு ஆலை கட்டுவது. நூல் ஆலையில் தவறு செய்தால் லட்சத்தில் நட்டம். உருக்கு ஆலையில் தவறு செய்தால் கோடியில் நட்டம்!

1902-ல் அமெரிக்கா போனார். வயது 63. பிட்ஸ்பர்க் நகரில் ஜூலியன் கென்னடி என்ற பெரிய என்ஜினீயரைக் கண்டார். முதலில் நிலத்தில் என்ன இருக்கிறது என்று ஆராயவேண்டும், அதற்கே மிகுந்த செலவாகும், பலன் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை என்று கென்னடி எச்சரித்தார். ஜாம்ஷெட்ஜி பின்வாங்கவில்லை.

கென்னடி சொன்னபடி, நியூயார்க்கில் சார்லஸ் பேஜ் பெரின் என்ற நிபுணரைத் தேடிப்போனார். பெரின் ஒத்துக்கொண்டார். முதலில் தம் கூட்டாளி வெல்டு என்பவரை இந்தியாவுக்கு அனுப்பினார்.

வெல்டும், ஜாம்ஷெட்ஜியின் மகன் டோராப்ஜியும் மத்திய மாகாணத்துக் காடுகளில் மாட்டுவண்டியில் அலைந்தார்கள். சாந்தா ஜில்லாவில் லோஹாரா என்ற இடத்தில் நல்ல இரும்புத் தாது இருந்தது. ஆனால் பெரிய ஆலைக்குப் போதாது. பக்கத்தில் கிடைத்த கரியும் உருக்கு ஆலைக்கு ஏற்றது அல்ல. இங்கே ஆலை கட்ட முடியாது என்பதே முடிவு.

இத்தனை செலவு செய்து, முடியாது என்ற பதிலா கிடைத்தது என்று தோன்றலாம். யோசித்துப் பார்த்தால், அந்தப் பதிலுக்கே கூலி கொடுக்கலாம். ஆராயாமல் அங்கே ஆலை கட்டியிருந்தால், எல்லாமே மண்ணில் போயிருக்கும்.

அதைவிட வியப்பான விஷயம் ஒன்று உண்டு. சரியான இடத்தைக் காட்டியவர் நம் நாட்டுக்காரர்! பிரமதநாத் போஸ் என்ற வங்காளத்து நிலநூல் அறிஞர், மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் இரும்பு மலை இருப்பதாக 1904 பிப்ரவரியில் டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்க நிபுணர்கள் போய்ப் பார்த்து, உண்மை என்று உறுதி செய்தார்கள். தாது இருக்கும் இடத்தைச் சொன்னது உள்ளூர் அறிவு. அதைக் கொண்டு ஆலை நடத்த முடியுமா என்று அளந்து சொன்னது வெளியூர் அனுபவம். இரண்டும் சேர்ந்தபோதுதான் காரியம் கைகூடியது.

ஆலையைக் காண ஜாம்ஷெட்ஜிக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1904 மே 19-ந் தேதி ஜெர்மனியில் காலமானார். 1907-ல் மகன் டோராப்ஜி கம்பெனியைத் தொடங்கினார். 1912-ல் முதல் உருக்கு வந்தது. அந்த ஊருக்குப் பிறகு ஜாம்ஷெட்பூர் என்று அவர் பெயரே வைக்கப்பட்டது.

கற்றுக்கொண்டு அனுப்பிவைத்தார்

வெளியாரை வாழ்நாள் முழுவதும் நம்பியிருக்க ஜாம்ஷெட்ஜி விரும்பவில்லை.

பெங்களூரில் அவர் ஒரு பட்டுப் பண்ணை வைத்தார். பட்டுப்புழு வளர்க்க ஜப்பானிலிருந்து நிபுணர்களை அழைத்துவந்தார். அவர்கள் புழு வளர்த்ததோடு நிற்கவில்லை. நம்மவர்களுக்கும் அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1892-ல், வெளிநாடு சென்று மேல்படிப்புப் படிக்க இந்தியர்களுக்குக் கடன் உதவி தரும் நிதியை ஏற்படுத்தினார். இனாம் அல்ல, கடன்! சம்பாதித்துத் திருப்பிக் கட்டவேண்டும். அந்தப் பணம் அடுத்த மாணவருக்குப் போகும். ஜனாதிபதியாக இருந்த கே.ஆர்.நாராயணனும் இந்த நிதியில் படித்தவர்தான்.

பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகமும் அவர் கண்ட கனவே. அவர் மறைந்த பிறகு உருவானது.

இவற்றின் உட்பொருள் ஒன்றுதான். இன்று வெளியூரிலிருந்து அழைக்கும் நிபுணர், நாளை நம் வீட்டிலேயே இருக்கவேண்டும்.

நம் ஊருக்கு என்ன பாடம்?

இப்போது பத்துத் தறிக்காரரிடம் திரும்புவோம். டாட்டாவுக்கு விற்பதற்கு எம்பிரஸ் மில் பங்கு இருந்தது. இவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். அதனால்தான் இவர் இன்னும் கவனமாக அடி வைக்கவேண்டும்.

முதலில் கணக்கைத் தாமே ஒளிக்காமல் எழுதிப் பார்க்கவேண்டும். துணி விற்காததற்கு நூல் காரணமா, நெசவு காரணமா, விலை காரணமா? தறியில் இருக்கும் மூத்த தொழிலாளியைக் கேட்டாலே பாதி பதில் கிடைக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

அப்படியும் விடை கிடைக்காத கேள்வி ஒன்று இருந்தால், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நிபுணரை அழைக்கலாம். எல்லாவற்றையும் சரிசெய்து தருகிறேன் என்று ஓர் ஆண்டுக்கு ஒப்பந்தம் கேட்டால் யோசிக்கவேண்டும். இரண்டு ரிங் பிரேம் வாங்கிப் பார்த்ததுபோல், இரண்டு தறியில் அவர் யோசனையைச் செய்து பார்க்கலாம். பலன் தெரிந்தால் மற்ற எட்டுத் தறிகளுக்கும் போகலாம்.

அவர் வேலை செய்யும்போது, வீட்டுப் பிள்ளையோ நம்பிக்கையான ஆளோ பக்கத்தில் இருந்து கற்கவேண்டும். அவர் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டால், கொடுத்த பணம் தண்டம்.

சனிக்கிழமைக் கூலியில் கைவைத்து யாருக்கும் கட்டணம் கொடுக்கக்கூடாது. டாட்டா தம் சொத்தை விற்றுத்தான் பணம் போட்டார்.

ஒருவரால் முடியாதது பலர் சேர்ந்தால் முடியும். கோவையில் பஞ்சாலைகள் கூடி, 1956-ல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தை அமைத்தன. சிட்ரா என்று சொன்னால் ஆலைக்காரர்களுக்குத் தெரியும். தனியாக ஒரு நிபுணரை வைத்துக்கொள்ள முடியாத ஆலைக்கும் அதனால் யோசனை கிடைத்தது. பத்துத் தறிக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், ஒரு நிபுணரின் கட்டணம் பத்தில் ஒன்றாகக் குறையும்.

எம்பிரஸ் மில்லும் சுதேசி மில்லும் இன்று ஓடவில்லை. ஆலைகளுக்கும் வயது உண்டு. ஆனால் அவற்றை நிமிர்த்த ஜாம்ஷெட்ஜி கையாண்ட முறைக்கு வயதாகவில்லை.

அந்தக் கட்டணத்தைக் கொடுக்க முடியுமா என்று கேட்பதற்கு முன்னால், எனக்குத் தெரியாதது எது என்று தறிக்காரர் தம்மையே கேட்கட்டும். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால், கட்டணம் பன்னீரா, கூழா என்பது தானே விளங்கிவிடும்.